நூற்றுக்கு நூறு வேலைவாய்ப்பு

தெஹியோவிட்ட பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே, அப்துல் ரஸாக் முதலாளியின் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில், மவுன்ட் சக்சஸ் சர்வதேசத் தொழில்வாண்மைக் கல்லூரி இருந்தது. கடைக்கும் கல்லூரிக்கும் ஒரே படிக்கட்டுத்தான். ஆகவே அறிவைத் தேடி ஏறுகிறவர்கள் முதலில் இரண்டு சீமெந்து மூட்டைகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது.

இந்தக் கல்லூரியைத் திட்டுகிறவர்கள் உண்டு. ஏமாற்றுக்காரர்கள் என்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர்கள் என்ன சொன்னார்களோ அதையே எழுத்துப் பிசகாமல் செய்தார்கள். எனக்கு வயிறு எரிவதும் அதனால்தான்.

2005ஆம் ஆண்டு ஆடி மாதச் சம்பள நாளில் கல்லுமலைத் தோட்டத்துப் பெரட்டுக்களத்துக்கு ஒரு வேன் வந்தது. காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தக் களத்தில், டை கட்டிய ஓர் இளம்பெண் இறங்கி, சம்பளத்தோடு வந்தவர்களின் கைகளில் ஆளுக்கொரு பளபளப்பான தாளைத் திணித்தாள். தாளில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கம்பியூட்டருக்கு முன்னால் சிரித்துக்கொண்டிருந்தாள். 'தோட்ட முகாமைத்துவத்தில் உயர் டிப்ளோமா. ஒரே வருடம். நூற்றுக்கு நூறு வேலைவாய்ப்பு' என்று மூன்று மொழிகளிலும் போட்டிருந்தது.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் மருதாயி அந்தத் தாளை மடிக்காமல் கொண்டுவந்து மகள் சுகந்தினியிடம் நீட்டினாள்.

"இங்க பாரு. தோட்ட ஆபீஸ் வேலைக்குன்னே படிப்பு இருக்காம். அந்த சன்னலுக்கு வெளிய நின்னு முப்பது வருசமா சம்பளம் வாங்கிட்டேன். நீ உள்ளுக்கு ஒக்காந்து குடு."

சுகந்தினிக்கு அப்போது இருபது வயது. உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடத்திலும் வெறும் சித்தி, பாஸ் மட்டும். அதை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாது; ரப்பர் மலைக்குப் போக மனம் வராது. அப்பா வேலுசாமி இறந்து மூன்று வருடமாகியிருந்தது. லயத்துக் காம்பராவில், தோட்டத்து வரிசை வீடுகளின் ஒற்றை அறையில், தாயும் மகளும் மட்டுமே இருந்தார்கள்.

அந்தக் காம்பராவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கல்லுமலைத் தோட்டத்தில் ஒரு குடும்பம் காம்பராவில் இருப்பதென்றால், குடும்பத்தில் ஒருவருடைய பெயராவது செக்ரோலில் இருக்க வேண்டும். செக்ரோல் என்பது அன்றாடம் யார் வேலைக்கு வந்தார் என்று பதிகிற பெரிய புத்தகம். வயது போய்ப் பெயரை வெட்டினால், ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் பெயரை அந்த இடத்தில் பதிந்துவிட வேண்டும். பதியாவிட்டால் காம்பரா வேறு குடும்பத்துக்குப் போய்விடும். இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதுமில்லை.

மருதாயிக்கு ஐம்பது வயது முடிந்திருந்தது. ஐம்பது முடிந்த பெண்கள் ஈ.பி.எப். பணத்தை எடுக்கலாம்; எடுத்தால் பெயரை வெட்டுவார்கள். அவள் போய் வெட்டச் சொன்னாள். கூட வேலை செய்த வெள்ளையம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

"ஏண்டி, பேர வெட்டிட்டியே, காம்பராவுக்கு என்னாடி செய்வ?"

"ஆறு மாசம் இருக்குல்ல. மூணு மாசந்தான் வகுப்பாம். அப்பறம் ஏதோ ஒரு தோட்டத்துல பயிற்சியாம். பயிற்சிக்குப் போனா பேரு பதியாம விடுவாங்களா? ஸ்டாப் லிஸ்ட்டுல வந்துரும். ஸ்டாப்புக்கு கோட்டர்ஸே குடுப்பாங்க."

வேலைக்குப் போனால் பெயர் பதிவார்கள் என்பது மருதாயியின் கணக்கு. தோட்டத்தில் பிறந்து தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு வேறு எப்படி நினைக்கத் தோன்றும்? பெயரில்லாத வேலையை அவள் அதுவரை கண்டதில்லை.

ஈ.பி.எப். பணம் வந்தது. வந்த வழியிலேயே ஹார்ட்வெயார் கடைப் படியேறிப் போனது.

கல்லூரியின் பணிப்பாளர் பெயர் கலாநிதி இரத்தினசபாபதி. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். எதில் கலாநிதிப் பட்டம் என்று சுவரில் தொங்கிய சான்றிதழில் இருந்தது. சான்றிதழுக்கு முன்னால் பெரிய பூச்சாடி இருந்தது. அவர் ஒவ்வொரு மாணவரையும் தாமே நேர்முகம் கண்டார்.

"பிள்ளை, உமக்கு என்ன வேணும்?"

"வேலைங்க சேர்."

"பிழை. வேலை கேக்கிறவன் கூலியாள். எக்ஸிகியூட்டிவ் வாய்ப்புக் கேப்பான். நீர் இப்ப ஆர்?"

"தெரியலீங்க சேர்."

"நீர் எக்ஸிகியூட்டிவ். இந்தப் படியில கால் வைச்ச நேரம் தொட்டு நீர் எக்ஸிகியூட்டிவ்." பிறகு அவர் மருதாயி பக்கம் திரும்பினார். "அம்மா, நான் உங்களிட்ட ஒண்டும் ஒளிக்க மாட்டன். இது வியாபாரம் இல்லை. வியாபாரம் எண்டால் சாமான் பிழைச்சால் காசு திருப்பிக் குடுக்க வேணும். நாங்கள் திருப்பிக் குடுக்கிறேல்லை. ஏனெண்டால் இது கல்வி."

மருதாயிக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்துப்போயிற்று. ஒளிவுமறைவு இல்லாத மனுசர் என்று தோட்டமெல்லாம் சொன்னாள்.

ஐப்பசியில் வகுப்புகள் தொடங்கின. காலை எட்டு மணிக்கு எல்லோரும் வரிசையாக நின்று, வலக்கையை நெஞ்சில் வைத்து, தாங்கள் வெற்றியாளர்கள் என்று இங்கிலீஷில் மூன்று தடவை உறுதிமொழி எடுக்க வேண்டும். கீழே தகரம் வெட்டும் சத்தத்தில் அது கேட்காவிட்டால் நான்காவது தடவையும் எடுக்க வேண்டும். பிறகு டை பரிசோதனை. டை இல்லாதவர் வரவில்லை என்றே பதியப்படுவார், ஆள் எதிரே நின்றாலும்.

பாடம் எடுத்தவள் வேனில் வந்த அதே பெண், கிருசாந்தி மிஸ். மாணவர் வழிகாட்டல் அலுவலர், விரிவுரையாளர், நூலகர் எல்லாம் அவள்தான். நூலகம் என்பது அவள் மேசையின் கீழ் இழுப்பறை.

கல்லூரியில் கம்பியூட்டர் இருக்கவில்லை என்று சிலர் சொல்வது பச்சைப் பொய். ஒன்று இருந்தது. கண்ணாடி அலுமாரிக்குள், நீல வெல்வெட் துணி போர்த்தி, நெற்றியில் சந்தனப் பொட்டோடு இருந்தது. சரஸ்வதி பூசைக்கு வெளியே எடுத்துக் கற்பூரம் காட்டி மறுபடி உள்ளே வைத்தார்கள். மாணவர்கள் பழகியது காட்போட் மட்டையில். எழுத்துகளைப் பேனையால் கீறிய மட்டையைக் கிருசாந்தி ஆளுக்கொன்று கொடுத்தாள். அதில் விரல் வைத்துக் கடிதம் அடிக்க வேண்டும். பரீட்சையும் அதிலேயே நடந்தது.

"மிஸ், நான் என்னா அடிச்சேன்னு உங்களுக்கு எப்படித் தெரியுங்க?" என்று சுகந்தினி கேட்டாள். கேலிக்கு இல்லை, விளங்காமல்தான் கேட்டாள்.

"விரல் போற வேகத்தில தெரியும்," என்றாள் கிருசாந்தி. பிறகு குரலைத் தணித்து, "கேக்காதையும் பிள்ளை. எனக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை," என்றாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு மேசை ஒழுக்கம் என்று ஒரு பாடம். கம்பனிகளில் பெரியவர்களோடு சாப்பிட உட்காரும்போது எப்படி நடந்துகொள்வது என்பது பற்றி. வெள்ளைப் பீங்கான், கத்தி, முள்ளுக்கரண்டி, மடித்த துணி எல்லாம் வைத்திருந்தார்கள். சாப்பாடு மட்டும் பாடத்திட்டத்தில் இல்லை.

"வலக்கையில கத்தி. இடக்கையில முள்ளுக்கரண்டி. இப்ப வெட்டுங்கோ."

"என்னத்த மிஸ் வெட்டுறது?" என்றாள் தெரணியகலையிலிருந்து வரும் ஷாமிளா.

"கோழி எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ."

பதினான்கு பேரும் இல்லாத கோழியை வெட்டினார்கள். வாயைத் திறந்து மென்றவர்களுக்கு ஐந்து புள்ளி குறைந்தது. விடியற்காலை ஒரு ரொட்டியைத் தின்றுவிட்டு, இரண்டு மைல் நடந்து பஸ் பிடித்து வந்த சுகந்தினி, எல்லோரையும்விட நயமாக வெட்டி, மெதுவாக மென்று, துணியால் உதட்டை ஒற்றி, தொண்ணூற்றிரண்டு புள்ளிகள் எடுத்தாள். அதற்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். கல்லூரியில் எல்லாவற்றுக்கும் சான்றிதழ் உண்டு. சேர்ந்ததற்கு, வந்ததற்கு, நேரத்துக்கு வந்ததற்கு. மருதாயி அவற்றையெல்லாம் சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாள்.

கல்லூரி கொடுத்த அடையாள அட்டையில் 'இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட்' என்று தங்க எழுத்தில் இருந்தது. அந்த நாட்களில் பஸ்ஸை நிறுத்தி ஆட்களை இறக்கிச் சோதிப்பார்கள். ஒருநாள் சோதனைச் சாவடியில் தேசிய அடையாள அட்டையோடு இதுவும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது. சிப்பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மொன ரட்டெத?" என்றான். எந்த நாடு என்று கேட்கிறான்.

"மே ரட்டெ," என்றாள் சுகந்தினி. இந்த நாடுதான்.

"இந்த நாடென்றால் இன்டர்நேஷனல் எப்படி?"

நல்ல கேள்வி. அவளுடைய தாத்தா காலத்திலிருந்தே அவர்களிடம் கேட்கப்பட்டு வந்த கேள்வியும்கூட. பதில் தெரியாமல் அவள் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றாள். கல்லூரியில் அன்றைக்கு நேரம் தவறியதாகப் பதிந்தார்கள்.

அந்த வாரம் தான் அவள் கிருசாந்தியிடம், முதல் அணியில் படித்தவர்களுக்கெல்லாம் வேலை கிடைத்ததா என்று கேட்டாள்.

"எல்லாருக்கும். பன்னிரண்டு பேர். நாலு பேர் கலியாணம் கட்டிட்டினம். அது குடும்ப முகாமைத்துவம் எண்டு சேர் போடச் சொன்னவர். அஞ்சு பேர் சவூதி, குவைத் வீட்டு வேலை. அது வெளிநாட்டு வேலைவாய்ப்பு. ரெண்டு பேர் கொழும்பில துணிக்கடை. மிச்சம் நான். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, நூற்றுக்கு நூறு."

"நீங்க எக்ஸிகியூட்டிவ் தானேங்க மிஸ்?"

கிருசாந்தி சிரிக்கவில்லை. "மாசத்துக்குப் பத்துப் பிள்ளையளைச் சேர்த்தால் எக்ஸிகியூட்டிவ். குறைஞ்சால் அந்த மாசம் நான் மாணவி," என்றாள்.

மார்கழியில் தோட்டத்து ஆபீசிலிருந்து மருதாயிக்குக் கடிதம் வந்தது. மாசி முடிவதற்குள் செக்ரோலில் ஒரு பெயர் வராவிட்டால் காம்பராவைக் காலிசெய்ய வேண்டும் என்று சிங்களத்தில் எழுதியிருந்தது. சுகந்தினி அதை எடுத்துக்கொண்டு பணிப்பாளரிடம் போனாள். படித்துக்கொண்டே, பெயரை மட்டும் தோட்டத்தில் பதிந்து வைக்கலாமா என்று கேட்டாள்.

இரத்தினசபாபதி கண்ணாடியைக் கழற்றினார். உண்மையிலேயே அவருக்கு மனம் நொந்துவிட்டது போலிருந்தது.

"என்ன பிள்ளை கதைக்கிறீர்? நாளைக்கு அந்தச் செக்ரோலில கையெழுத்து வைக்கப்போறவர் நீர். இண்டைக்கு அதுக்குள்ள போய்ப் படுக்கிறன் எண்டு நிக்கிறீர். இந்தச் சனம் ஏன் இருநூறு வருசமா முன்னேறேல்லை எண்டு எனக்கு இப்பதான் விளங்குது. முன்னேற விரும்பிறவையிட்ட இருந்தே நாங்கள் காசு வாங்கிறம். மற்றவையை நாங்கள் தொடுறதேயில்லை."

அவர் அச்சடித்த ஒரு பாரத்தை எடுத்து நீட்டினார். டிப்ளோமா முடியும்வரை எந்தத் தோட்டத்திலும் தொழிலாளியாகப் பெயர் பதியமாட்டேன், பதிந்தால் டிப்ளோமா இரத்து, கட்டிய பணம் திரும்பாது என்று அதில் இருந்தது. சுகந்தினி கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்கு வந்து சொன்னபோது மருதாயி, "சேர் சொல்றது சரிதானே. ஆபீசர் பேரு எதுக்கு செக்ரோல்ல?" என்றாள். அவள் கவலைப்படவில்லை. தை மாதம் பயிற்சி தொடங்கப்போகிறதே.

தை பிறந்ததும் களப் பயிற்சி ஒப்படைப்பு விழா நடந்தது. மூன்றரை மணி நேரம். குத்துவிளக்கு, வரவேற்பு நடனம், நான்கு பொன்னாடைகள், நன்றியுரைக்கு ஒரு நன்றியுரை. தோட்டக் கம்பனிகளோடு கல்லூரி புரிந்துணர்வு உடன்படிக்கை செய்திருப்பதாகப் பணிப்பாளர் அறிவித்தார். "சேர்டிபிக்கேட்டை வைச்சுக்கொண்டு வேலை தேடுற காலம் போட்டுது. எங்கட பிள்ளையள் சேர்டிபிக்கேட் கிடைக்க முதலே வேலையில நிப்பினம்," என்றார். கைதட்டல் ஓய்ந்ததும் பதினான்கு பேருக்கும் உறைகள் கொடுக்கப்பட்டன.

சுகந்தினியின் உறைக்குள் 'கல்லுமலைத் தோட்டம், இரண்டாம் பிரிவு' என்றிருந்தது. மருதாயி மண்டபத்திலேயே அழுதுவிட்டாள். திரும்பும் வழியில் மாரியம்மன் கோயிலில் இரண்டு தேங்காய் உடைத்தாள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் டையுமாகச் சுகந்தினி பெரட்டுக்களத்தில் நின்றாள். பீல்ட் ஒபிசர் மாத்தயா கடதாசியைப் பார்த்தார்.

"ஆ, ட்ரெய்னி நோனா. ஹொந்தாய். பதினேழாம் நம்பர் மலை. கத்தி இருக்கா?"

"மாத்தயா, எனக்கு ஆபீஸ் ட்ரெயினிங்குங்க."

"ஆபீஸ்ல ஆள் ஹுங்காக் இருக்கு. மரம் வெட்டத்தான் ஆள் நே." ஆபீசில் ஆள் நிறைய, பால் வெட்டத்தான் ஆளில்லை என்கிறார். அவர் உடன்படிக்கையின் வரியில் விரலை வைத்துக் காட்டினார். 'களத்தில் பயிற்சி' என்றுதான் அதில் இருந்தது. தோட்டத்தில் களம் என்றால் மலை. யாரும் எதையும் மாற்றி எழுதவில்லை.

பதினேழாம் நம்பர் மலை மருதாயி பால் வெட்டிய மலை. அவள் பெயரை வெட்டிய பிறகு இருநூற்றெழுபது மரங்களும் ஆளில்லாமல் நின்றன. அன்றைக்குச் சுகந்தினி தாயின் கத்தியை வாங்கிக்கொண்டு போனாள். பட்டையில் சரிவாகக் கோடு இழுத்து, சிரட்டையைச் சரிசெய்து, அடுத்த மரம். முதல் நாள் எண்பது மரம்கூட முடியவில்லை. இரண்டாம் பிரிவு முழுவதும் அவளை 'டை நோனா', டை கட்டிய சீமாட்டி, என்று கூப்பிட்டது. டையில் பால் சொட்டிக் காய்ந்து கறுத்துப்போனது. ரப்பர் பால் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. சனிக்கிழமை கல்லூரியில் டை பரிசோதனையில் அவளுக்கு இருபது புள்ளி குறைத்தார்கள்.

அவளுக்குச் சம்பளம் இல்லை, ஏனென்றால் அவள் மாணவி. கல்லூரி அவளைக் கொடுத்ததற்காகத் தோட்டம் மாதாமாதம் கல்லூரிக்கு ஏதோ அனுப்பியது. அவள் கொண்டுவந்த பாலின் நிறை செக்ரோலில் விழவில்லை. 'பயிற்சிப் பதிவேடு' என்ற பச்சைக் கொப்பியில் விழுந்தது.

இரண்டாவது வாரம் மருதாயியும் மலைக்குப் போனாள். மகள் தனியாக இருநூற்றெழுபது மரத்தை முடிக்காவிட்டால் அறிக்கை மோசமாகப் போகும், டிப்ளோமா கிடைக்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தாய் வெட்ட, மகள் பால் சேர்த்து வாளியில் சுமந்தாள். பெயர் இருந்தபோது ஒருத்தி சம்பளத்துக்குச் செய்த வேலையை, பெயர் போனபின் இரண்டு பேர் சும்மா செய்தார்கள். இதைவிடச் சிறந்த முகாமைத்துவத்தை எந்தப் பல்கலைக்கழகமும் கற்பித்திருக்காது.

மாசி நடுவில் இரண்டாவது கடிதம் வந்தது. இந்தத் தடவை சுகந்தினி நேரே தோட்டத்து ஆபீசுக்குப் போனாள். சன்னலுக்கு உள்ளே பெரிய கிளாக்கர் தாஸிம் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை.

"தங்கச்சி, நீங்க எங்கட ஆள் இல்லயே. காலேஜிட ஆள். காம்பரா எங்கட ஆளுக்குத்தான்."

"அப்பன்னா டிப்ளோமா வேணாங்க ஐயா. நான் படிப்ப விட்டுர்றேன். எங்கம்மா எடத்துல எம்பேரப் பதிஞ்சிருங்க. நான் பால் வெட்டுறேன்."

இதைச் சொல்ல அவளுக்கு மூன்று நாள் எடுத்திருந்தது. அவள் கண்ட ஆசையெல்லாம் அந்த ஒரு வசனத்தில் முடிந்துபோனது. தாஸிம் பெரிய புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, தலையை ஆட்டினார்.

"பதிய ஏலாது. உங்கட உம்மாட இடம் பதினேழாம் நம்பர். அதுல இப்ப வெற்றிடம் இல்ல."

"ஏங்க? யாரு இருக்கா அங்க?"

"நீங்கதான் ஈக்கிறீங்க."

சுகந்தினி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் நாளையிலேருந்து வராட்டி?"

"அப்ப காலேஜ் வேற ட்ரெய்னிய அனுப்பும். ஒப்பந்தம் அப்படி." அவர் புத்தகத்தை மூடினார். "தங்கச்சி, எனக்கு விளங்குது. ஆனா விளங்குறத எழுத இதுல ஒரு நிரலும் இல்லயே."

அங்கிருந்து அவள் கல்லூரிக்குப் போனாள். படியில் சீமெந்து மூட்டைக்கு அன்று வழிவிடவில்லை. மூட்டைதான் அவளுக்கு வழிவிட்டது. பணிப்பாளரின் மேசையில் கடிதத்தையும், அந்தப் பழைய பளபளப்புத் தாளையும் வைத்தாள்.

"சேர், நூத்துக்கு நூறு வேலைன்னு போட்டிருந்தீங்க."

"தந்தமோ இல்லையோ?" என்றார் இரத்தினசபாபதி, அன்பாக. "உம்மட அணியில பதினாலு பேர். பதினாலு பேரும் காலமை ஆறு மணிக்கு வேலையில நிக்கினம். இந்த நாட்டில எந்தக் கம்பஸ் அப்பிடிச் சொல்லும்? சம்பளம் எண்டு நாங்கள் எங்கையாவது போட்டனாங்களோ? வடிவாப் பாரும்."

அவள் பார்த்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள். சம்பளம் என்று எங்கும் இல்லை.

"நான் பொய் சொல்லுறதில்லைப் பிள்ளை. பொய் சொல்லுற கல்லூரியள் ஒரு வருசத்தில மூடுப்பட்டுப் போகும். நாங்கள் செய்யிறதை மட்டும் எழுதுவம். மிச்சத்தை உங்கட ஆக்கள் தங்கட பாட்டில வாசிச்சுக்கொள்ளுவினம். அது எங்கட பிழையோ?" அவர் கடிதத்தை எடுத்துப் பார்த்தார். "இருந்தாலும் நான் கல்நெஞ்சன் இல்லை. உம்மட துரையோட நேற்றுக் கதைச்சனான். அவருக்கு ட்ரெய்னிமாரை நல்லாப் பிடிச்சுப்போட்டுது. இன்னும் பத்துப் பேர் வேணுமாம். உம்மட தோட்டத்திலயிருந்து பத்துப் பிள்ளையளைச் சேர்த்துத் தாரும். காம்பராவை உம்மட தாய்க்கே விடச் சொல்லி நான் துரையிட்டக் கடிதம் வாங்கித் தாறன். உம்மை மாணவர் வழிகாட்டல் அலுவலராயும் போடுறன்."

"கிருசாந்தி மிஸ் இருக்காங்களே?"

"அவ வெளிநாட்டு வேலைவாய்ப்பு," என்றார் பணிப்பாளர். "போன கிழமை குவைத்துக்குப் போட்டா."

மாசிச் சம்பள நாளில் சுகந்தினி பெரட்டுக்களத்தில் நின்றாள். கையில் பத்து விண்ணப்பப் பாரங்கள். வரும் வழியில் அவள் ஒரு முடிவு எடுத்திருந்தாள். பாரத்தைக் கொடுப்பாள், ஆனால் பொய் சொல்ல மாட்டாள். உள்ளதை உள்ளபடி சொன்னால் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள், காம்பரா போகும், போனால் போகட்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததும் பல மாதங்களுக்குப் பிறகு அவளுக்கு மூச்சு நன்றாக வந்தது.

"எல்லாரும் கேளுங்க," என்றாள். "இந்த காலேஜ்ல சேந்தா ஆபீஸ் வேல கெடைக்காது. கம்பியூட்டர் கண்ணால பாக்கலாம், தொட முடியாது. மூணு மாசம் கழிச்சு இதே மலைக்குத்தான் அனுப்புவாங்க. சம்பளம் கெடையாது. பேரு பதிய மாட்டாங்க. எங்கம்மா பணமெல்லாம் போயிருச்சு. யாரும் சேராதீங்க."

முதலில் பேசியது இலட்சுமி, அடுத்த லயத்துக்காரி. அவளுடைய மகள் அந்த வருடம் உயர்தரம் எழுதியிருந்தாள்.

"ஏன் தங்கச்சி, நீ மட்டும் டை கட்டலாம், எம்புள்ள கட்டக்கூடாதா?"

"அக்கா, நான் நெசத்தச் சொல்றேன்."

"நெசம்னா நீ ஏன் இன்னும் போற? பாரத்த நீதானே கையில வச்சிருக்க? எங்க புள்ளைக படிச்சு வந்தா ஒனக்குப் போட்டின்னு பாக்குறியா?"

"அவ சொல்றது சத்தியமா நெசந்தான்டி," என்று மருதாயி பின்னாலிருந்து கத்தினாள். "நான் பட்டுட்டேன்டி. எஞ்சோத்துல மண்ணு விழுந்துருச்சுடி."

"பட்டவளா நீ?" என்றாள் வெள்ளையம்மா. "பேர வெட்டி ஆறு மாசமாச்சு. எங்களுக்குன்னா இந்நேரம் சாமான் சட்டியெல்லாம் வெளியில கெடக்கும். ஒன்னைய எவனாவது தொட்டானா? ஒம்மக ஆபீசுக்குள்ள போய்ப் பெரிய கிளாக்கரோட பேசிட்டு வர்றத நாங்க பாக்கலியா?"

முதலில் ஒரு கை நீண்டது. பிறகு நான்கைந்து கைகள் நீண்டன. இரண்டு நிமிடத்தில் பத்துப் பாரங்களும் போய், பதினொன்றாவது ஆள் கொப்பித் தாளில் தன் மகனுடைய பெயரை எழுதிக் கொண்டுவந்தார். கல்லூரியைப் பற்றி அதுவரை யாரும் செய்யாத அளவுக்குச் சிறந்த விளம்பரத்தைச் சுகந்தினி செய்துவிட்டிருந்தாள்.

இலட்சுமிக்கு எழுதத் தெரியாது. பாரத்தைச் சுகந்தினியிடமே திருப்பிக் கொடுத்தாள். கோபமெல்லாம் போய்விட்டிருந்தது, பிள்ளைக்கு நல்லது நடக்கப்போகிற சந்தோஷம் முகத்தில் இருந்தது.

"நீயே நல்ல கையெழுத்துல நெரப்பு தங்கச்சி. கோவிச்சுக்காத, ஏதோ ஆத்தரத்துல பேசிட்டேன்."

கிழித்துப் போடலாம். அப்படித்தான் சுகந்தினி நினைத்தாள். கிழித்தால் இலட்சுமி நாளைக்கு பஸ் ஏறி நேரே கல்லூரிக்குப் போவாள். அப்போது இந்தப் பத்து, யாரோ ஒருவருடைய பத்தாக இருக்கும்; காம்பராவும் போகும். அவள் தாய் களத்தின் ஓரத்தில் குந்தி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். உண்மையைச் சொல்லியாகிவிட்டது, இனித் தன்மீது குற்றமில்லை என்று சுகந்தினி தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதை அவளே நம்பவில்லை. அழுகையும் வரவில்லை.

பெயர், பிறந்த திகதி, முகவரி எல்லாம் எழுதினாள். 'பரிந்துரைப்பவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். பிறகு இலட்சுமியின் பெருவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தி, பாரத்தின் கீழ்க்கோட்டின்மேல் வைத்தாள். ஆண்டுக்கணக்காகப் பால் வெட்டி வழவழத்துப்போன விரல். மை ஒரு கறுப்புத் திட்டாக மட்டுமே விழுந்தது, ரேகை விழவில்லை.

"இன்னொருக்கா வைங்கக்கா," என்றாள் சுகந்தினி. "நல்லா அழுத்துங்க."